பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்ய எந்தக் கணினி?

லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2020 மே மாதம் தன் மேசைக் கணினியை மாற்றினார். ஏறத்தாழ 15 ஆண்டுகளில் அவர் மேசைக்கு வந்த முதல் இன்டெல் அல்லாத இயந்திரம் அது. உள்ளே 32 கோர் கொண்ட ஏஎம்டி திரெட்ரிப்பர் 3970எக்ஸ். கெர்னலின் பெரும்பாலான பகுதிகளை மாட்யூல்களாகக் கட்டிப் பார்க்கும் ‘ஆல்மாட்கான்ஃபிக்’ பில்டு முன்பைவிட மூன்று மடங்கு வேகமாக முடிகிறது என்று கெர்னல் 5.7-க்கான வாராந்திர அறிவிப்பிலேயே எழுதினார். 2025-இல் அவருக்காகப் புதிதாகக் கூட்டிய இயந்திரத்தில் இருந்தது திரெட்ரிப்பர் 9960எக்ஸ். அதற்கு 24 கோர்தான். அதே குடும்பத்தில் 64 கோர் கொண்ட 9980எக்ஸும் அப்போது விற்பனையில் இருந்தது.

கம்பைலுக்குக் கணினி வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், “கோர் எது அதிகமோ அதை எடு” என்பார்கள். நாள் முழுக்கக் கெர்னலைக் கட்டிப் பார்ப்பதே வேலையாக உள்ளவர் 24 கோரோடு நின்றுகொள்கிறார் என்றால், அந்த அறிவுரையில் ஏதோ விடுபட்டிருக்கிறது. விடுபட்டது என்ன என்று பார்க்க, பில்டு நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சி, சி++ திட்டங்களில் ஒவ்வொரு மூலக்கோப்பும் தனியாகக் கம்பைல் ஆகிறது. ஒரு கோப்புக்கு மற்றொன்றின் முடிவு தேவையில்லை. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வகத்தில் எழுதிய ‘மேக்’ எது எதைச் சார்ந்திருக்கிறது என்று கணக்கு வைத்தது. பின்னால் வந்த குனு மேக்கும், கூகுள் குரோம் குழுவில் பிறந்த நிஞ்சாவும் அந்தக் கணக்கைக் கொண்டு பல கோப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிடுகின்றன. இந்தக் கட்டத்தில் கோர் எத்தனை இருந்தாலும் தின்றுவிடும். ஆனால் பில்டின் தொடக்கத்தில் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் வரிசையாக ஓடும். நடுவில், வேறு கோப்புகளை உருவாக்கித் தரும் சிறு நிரல்கள் முடியும்வரை மற்றவை காத்திருக்கும். கடைசியில் எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளையும் ஒன்றாக்கும் லிங்க் வேலை. ஐம்பது பேர் சேர்ந்து நெல் அறுக்கலாம். எடை போடத் தராசு ஒன்றுதான் என்றால் அங்கே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இதை ஜீன் ஆம்தால் 1967-லேயே கணக்காகச் சொல்லிவிட்டார். ஒரே கோரில் 60 நிமிடம் பிடிக்கும் பில்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 57 நிமிட வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். 3 நிமிட வேலையைப் பிரிக்க முடியாது. 16 கோரில் அது ஆறரை நிமிடத்தில் முடியும். 32 கோரில் நாலே முக்கால் நிமிடம். 64 கோரில் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 16-இலிருந்து 64-க்குப் போகப் பிராசசர், மதர்போர்டு, ரேம், குளிரூட்டி என எல்லாவற்றின் விலையும் ஏறுகிறது. மிச்சமாவது இரண்டரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதே விகிதத்தில் 10 மணி நேர வேலை என்றால் மிச்சம் 27 நிமிடம் ஆகிவிடும்; அப்போது பேச்சே வேறு. ஆகவே விகிதத்தோடு மொத்த அளவையும் பார்க்க வேண்டும்.

கணக்குக்கு வெளியே ஓர் உண்மையான எடுத்துக்காட்டு ஆண்ட்ராய்டு. கூகுள் தன் ஆவணத்தில், 72 கோரும் 64 ஜிபி ரேமும் உள்ள இயந்திரத்தில் முழு பில்டுக்கு ஏறத்தாழ 40 நிமிடம் என்றும், அதே ரேமோடு 6 கோர் இயந்திரத்தில் ஏறத்தாழ 6 மணி நேரம் என்றும் சொல்கிறது. கோர் 12 மடங்கு, வேகம் 9 மடங்கு. இவ்வளவு பெரிய திட்டத்துக்கு இது நல்ல விகிதம்தான். சின்னத் திட்டங்களில் இந்த அளவுகூடக் கிடைக்காது.

உங்கள் திட்டம் எந்தப் பக்கம் என்பதை யாரையும் கேட்காமலே அறியலாம். இப்போதிருக்கும் கணினியில் பில்டு கட்டளைக்கு முன்னால் ‘டைம்’ என்ற சொல்லைப் போட்டு ஓட்டுங்கள். முடிவில் ரியல், யூசர், சிஸ் என்று மூன்று எண்கள் வரும். யூசரையும் சிஸ்ஸையும் கூட்டி ரியலால் வகுத்தால், பில்டு முழுக்கச் சராசரியாக எத்தனை திரெட் வேலை செய்தன என்று தெரிந்துவிடும். 16 கோர், 32 திரெட் உள்ள பிராசசரில் விடை 29 வந்தால் இன்னும் கோர் வாங்குவதில் பலன் உண்டு. 9 வந்தால் மிச்சத்தை எதற்குப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். நேரம் எந்தக் கோப்பில் போகிறது என்பதை நுணுக்கமாகப் பார்க்கவும் வழி இருக்கிறது: ஆராஸ் பிரன்ட்ஸ்கேவிச்சஸ் எழுதி கிளாங் 9-இல் சேர்ந்த ‘டைம் டிரேஸ்’ வசதியும், ரஸ்ட்டில் கார்கோவின் ‘டைமிங்ஸ்’ அறிக்கையும் வண்ணப் பட்டைகளாக வரைந்தே காட்டிவிடும். பிராசசர் விமர்சனங்களை நூறு படிப்பதைவிட இந்தப் பட்டைகளை ஒரு முறை பார்ப்பது மேல்.

திட்டத்துக்குத் திட்டம் குணமும் மாறும். லினக்ஸ் கெர்னல் சி மொழி. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் ரேம் குறைவு. குரோமியமும் எல்எல்விஎம்மும் சி++. டெம்ப்ளேட்டும் ஹெடரும் பெருத்தவை. கம்பைலும் கனம், லிங்க்கும் கனம். ரஸ்ட்டில் கிரேட்தான் அலகு; சார்ந்த கிரேட்டுகள் முதலில் சரசரவென்று ஓடிவிட்டு, கடைசியில் உங்கள் சொந்தப் பெரிய கிரேட் ஒன்று மட்டும் மெதுவாக நகரும். அதைப் பல சிறு கிரேட்டுகளாகப் பிரித்தால் கிடைக்கும் வேகம் பல நேரம் புதுப் பிராசசர் தராது.

இங்கே பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. முழு பில்டு வேறு, தினசரி வேலை வேறு. காலையில் புதுக் கிளையை இழுத்துக்கொண்டு முழுசாகக் கட்டுவது ஒரு முறை. அதன் பிறகு சாயங்காலம் வரை ஒரு கோப்பைத் திருத்துவது, கட்டுவது, ஓட்டிப் பார்ப்பது என்றுதான் போகும். ஒரு கோப்பைக் கம்பைல் செய்ய ஒரு கோர் போதும். அந்தக் கோரின் வேகமும் லிங்கரின் வேகமும்தான் உங்களைக் காக்க வைப்பவை. இந்த வேலையில் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும் ரைசன் 9 9950எக்ஸ் போன்ற சாதாரண மேசைப் பிராசசர், 64 கோர் ராட்சதனுக்குச் சளைக்காது. சில நேரம் முந்தவும் செய்யும்.

லிங்கருக்குப் பணமே வேண்டாம். பழைய குனு லிங்கருக்குப் பதிலாக 2008-இல் கோல்டு வந்தது, பிறகு எல்எல்விஎம் திட்டத்தின் எல்எல்டி வந்தது. அதன் முக்கிய ஆசிரியர்களில் ஒருவரான ரூயி உயெயாமாவே 2021 டிசம்பரில் மோல்டு 1.0-வை வெளியிட்டார். பல கோர்களையும் பயன்படுத்தி லிங்க் செய்வதே மோல்டின் அடிப்படை எண்ணம். பெரிய சி++ நிரல்களில் நிமிடக் கணக்கு நொடிக் கணக்காகும். ஆயிரக்கணக்கில் செலவழித்து இயந்திரம் வாங்கிவிட்டு, இயல்பாக வந்த லிங்கரையே வைத்துக்கொண்டு இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

பிராசசரில் இன்னும் சில விஷயங்கள். ஒரு கோரில் இரண்டு திரெட் ஓட்டும் வசதி கம்பைலுக்கு நன்றாகவே உதவும். கம்பைலர் அடிக்கடி நினைவகத்துக்காகக் காத்து நிற்பதால் அந்த இடைவெளியில் அடுத்த திரெட் ஓடிக்கொள்ளும். இன்டெல்லின் சிறு கோர்களும் வீண் இல்லை. பில்டு போன்ற பிரிக்கக்கூடிய வேலைக்கு அவை பொருத்தமே. கேச் மெமரியை அடுக்கி வைத்த எக்ஸ்3டி வகைகள் விளையாட்டுகளில் காட்டும் பாய்ச்சலைக் கம்பைலில் காட்டுவதில்லை. அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

ரேம்தான் இந்தக் கட்டுரையின் கனமான பகுதி. பெரிய சி++ திட்டங்களுக்கு, ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் 2 ஜிபி என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. 32 திரெட் என்றால் 64 ஜிபி. நிஞ்சா எதுவும் சொல்லாவிட்டால் திரெட் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி அத்தனை வேலைகளைக் கிளப்பிவிடும். ரேம் எவ்வளவு என்று அது பார்க்காது. போதவில்லை என்றால் முதலில் ஸ்வாப்பில் இழுபறி, பிறகு கெர்னலே ஏதாவது ஒரு கம்பைலரைக் கொன்றுவிடும். பில்டு காரணம் புரியாமல் நின்றுபோகும். புதிதாக வந்தவர்கள் நிரலில் பிழை தேடுவார்கள். 64 திரெட்டுக்கு 32 ஜிபி போட்ட இயந்திரம், 24 திரெட்டுக்கு 64 ஜிபி போட்டதைவிட மெதுவாக ஓடுவதற்கு இதுதான் காரணம்.

லிங்க் நேரத்தில் நிலைமை இன்னும் மோசம். பிழைதிருத்தத் தகவலோடு எல்எல்விஎம்மைக் கட்டினால் ஒவ்வொரு லிங்க்கும் ரேமைப் பல ஜிபி கணக்கில் கேட்கும். பல லிங்க் ஒன்றாகக் கிளம்பினால் 64 ஜிபியும் ஆடிப்போகும். அதற்காகவே லிங்க் வேலைகளை மட்டும் தனியாகக் கட்டுப்படுத்த அந்தத் திட்டத்தின் சிமேக்கில் ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு லிங்க்குக்கு மேல் வேண்டாம் என்று எழுதிவிட்டால் போதும். கம்பைலர்கள் தின்றது போக மீதமாகும் ரேமும் வீணாகாது. மூலக்கோப்புகளையும் ஹெடர்களையும் இயங்குதளம் அதில் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த பில்டில் டிஸ்க்கை அதிகம் தொடவே வேண்டியிருக்காது.

வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. சாதாரண மேசைக் கணினியின் மதர்போர்டில் ரேமுக்கு நான்கு குழி இருக்கும். இன்றைக்கு இரண்டு, நாளைக்கு இரண்டு போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்போம். டிடிஆர்5 வந்த பிறகு அந்தக் கணக்கு பலிக்கவில்லை. ரைசன் 9 9950எக்ஸுக்கு ஏஎம்டி தரும் உறுதி, இரண்டு குச்சி போட்டால் 5600 வேகம். நான்கு போட்டால் 3600. ஆகவே முதலிலேயே இரண்டு 48 ஜிபி அல்லது இரண்டு 64 ஜிபி குச்சிகளாக எடுத்துவிடுவது நல்லது. இன்னும் ரேம் வேண்டுமென்றால் நான்கு சானல் உள்ள திரெட்ரிப்பர், எட்டு சானல் உள்ள திரெட்ரிப்பர் ப்ரோ என்று மேலே போக வேண்டும். கோருக்காக அந்தப் பக்கம் போகிறவர்களைவிட ரேமுக்காகப் போகிறவர்களின் காரணம் பல நேரம் வலுவானது.

விலையும் இப்போது சாதகமாக இல்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தன் குரூஷியல் வணிகத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. முன்பெல்லாம் “ரேம்தானே, பிறகு போட்டுக்கொள்ளலாம்” என்று சொல்ல முடிந்தது.

பிழை திருத்தும் ரேம், அதாவது இசிசி, வேண்டுமா என்ற வாதம் நெடுநாளாக நடக்கிறது. டோர்வால்ட்ஸ் இதில் கடுமையான கட்சிக்காரர். சாதாரணப் பிராசசர்களில் இசிசியை இல்லாமல் செய்ததற்கு இன்டெல்லை 2021 ஜனவரியில் வெளிப்படையாகச் சாடினார். 2022 அக்டோபரில், கெர்னல் 6.1-க்கான இணைப்பு வேலைகள் குவிந்திருந்த நேரத்தில், அவருடைய இயந்திரத்தில் ரேம் குச்சி ஒன்று பழுதானது. அதில் இசிசி இல்லை. கம்பைலர் காரணமில்லாமல் விழுவதைப் பார்த்துப் புதுக் கோளாறு என்று தேடி, கடைசியில் ரேம் என்று கண்டுபிடித்து, மாற்றுக் குச்சி வரும்வரை மடிக்கணினியில் ஒப்பேற்றினார். 2025 இயந்திரத்தில் இசிசி ரேம் இருந்ததில் வியப்பில்லை.

கம்பைல் வேலை ரேமையும் பிராசசரையும் உரசிப் பார்க்கும் சோதனை என்பது பழைய பாடம். 1990-களில் ஜிசிசி ‘சிக்னல் 11’ என்று விழுந்தால் பெரும்பாலும் ரேம்தான் காரணம் என்று லினக்ஸ்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அதற்கென்று ஒரு கேள்வி-பதில் ஆவணமே உலவியது. அண்மைக் காலத்திலும் பிராசசர் பக்கமிருந்து இதே சிக்கல் வந்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைப் பிராசசர்கள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு நாளடைவில் நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது இன்டெல். ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரைத் திருத்தம் சரிசெய்யாது. பழைய இருப்பிலோ பயன்படுத்திய பொருளாகவோ அவற்றை வாங்குவதாக இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். டிடிஆர்5-இல் சில்லுக்குள்ளேயே பிழைத்திருத்தம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது சில்லுக்குள் நடப்பதை மட்டும் பார்த்துக்கொள்ளும். சில்லிலிருந்து பிராசசருக்கு வரும் வழியில் நேரும் பிழையை முழு இசிசிதான் பிடிக்கும். பிறருக்குப் போகும் வெளியீடுகளைத் தன் இயந்திரத்தில் கட்டுகிறவர் இசிசி எடுக்கட்டும். மற்றவர்களுக்கு அது கையிருப்பைப் பொறுத்தது.

எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல என்விஎம்இ ஒன்று போதும்; அதைவிட இரண்டு மடங்கு வேகமானதை வாங்கினால் பில்டு இரண்டு மடங்கு வேகமாகாது. இடம்தான் முக்கியம். ஆண்ட்ராய்டு மூலத்தை இறக்க 250 ஜிபி, கட்ட 150 ஜிபி என்று கூகுளே கேட்கிறது. இரண்டு கிளை வைத்திருந்தால் 1 டிபி திணறும். 2 டிபியாக எடுங்கள். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. 2 டிபி சாம்சங் 990 ப்ரோவுக்கு உத்தரவாதம் 1200 டிபி எழுத்து. நாள்தோறும் 150 ஜிபி எழுதினாலும் அது தீர 20 ஆண்டுக்கு மேல் ஆகும். விண்டோஸில் கட்டுகிறவர்களுக்கு எஸ்எஸ்டியைவிடப் பெரிய தடை, ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும் டிஃபெண்டர். 2023-இல் விண்டோஸ் 11-க்கு வந்த ‘டெவ் டிரைவ்’ அந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டு வேகம் தருகிறது.

வெப்பத்தை மட்டும் வெளிநாட்டு விமர்சனங்களை நம்பித் தீர்மானிக்கக் கூடாது. 170 வாட் என்று எழுதியிருக்கும் ரைசன் 9 முழுப் பளுவில் 230 வாட் வரை இழுக்கலாம். குளிரூட்டி எவ்வளவு நல்லதானாலும் அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்யும். 21 டிகிரி அறையில் எடுத்த அளவீட்டுக்கும், ஏசி இல்லாத சென்னை அறையில் மே மாதம் நடப்பதற்கும் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். விளையாட்டில் பளு ஏறி இறங்கும். பில்டு முக்கால் மணி நேரம் விடாமல் அழுத்தும். ஏஎம்டி பிராசசர்களில் ‘ஈகோ மோடு’ என்று பயாஸில் ஓர் அமைப்பு இருக்கிறது. 170 வாட்டை 105 வாட் வகைக்கு இறக்கினால் இழக்கும் வேகம் கொஞ்சம்தான். சத்தமும் சூடும் நன்றாகக் குறையும். நம் ஊர் அறைகளுக்கு அதை இயல்பாகவே போட்டுவிடலாம் என்பது என் கருத்து. மடிக்கணினிகள் இந்த நீண்ட பளுவில் சில நிமிடங்களிலேயே வேகத்தை இறக்கிக்கொள்ளும். யுபிஎஸ்ஸையும் பட்ஜெட்டில் சேருங்கள். மூன்று மணி நேர பில்டு ஓடும்போது மின்சாரம் போனால், பாதி எழுதிய ஆப்ஜெக்ட் கோப்புகள் தரும் தலைவலி தனி.

கிராபிக்ஸ் கார்டு கம்பைலுக்குப் பைசா பயன் தராது. ரைசன் 7000, 9000 வரிசைகளில் திரைக்குப் போதுமான கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. திரெட்ரிப்பரில் இல்லை என்பதால் சின்னக் கார்டு ஒன்று போட வேண்டியிருக்கும். ஆப்பிளின் எம் வரிசை கோருக்குக் கோர் மிக வேகமானது, வாட்டுக்கு இவ்வளவு வேலை வேறு எதிலும் வராது. ஆனால் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. ஆண்ட்ராய்டு தளத்தை மேக்கில் கட்டுவதற்கான ஆதரவையும் கூகுள் 2021 ஜூனில் நிறுத்திவிட்டது. ஐஃபோன் செயலி எழுதுகிறவருக்கு மேக்கைத் தவிர வழியில்லை என்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழாது.

இதையெல்லாம் வாங்காமலே வேகம் கூட்டும் வழிகளையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ரூ டிரிட்ஜல் எழுதிய சிகேச், முன்பு கம்பைல் செய்த கோப்பின் முடிவை எடுத்து வைத்துத் திரும்பத் தருகிறது. கிளை மாற்றி மாற்றி வேலை செய்கிறவருக்கு அது புதுப் பிராசசருக்குச் சமம். 2002-இல் மார்ட்டின் பூல் தொடங்கிய டிஸ்ட்சிசி, அலுவலகத்தில் சும்மா இருக்கும் கணினிகளுக்குக் கோப்புகளை அனுப்பிக் கம்பைல் செய்து வாங்கும். நிரலையே சீர்செய்தால் பலன் இன்னும் பெரியது. கெர்னலின் ஹெடர் சிக்கலை அவிழ்க்க இங்கோ மோல்னார் 2022 ஜனவரி தொடக்கத்தில் 2,200-க்கு மேற்பட்ட திருத்தங்கள் கொண்ட தொகுப்பை முன்வைத்து, பில்டு வேகம் 50 முதல் 80 சதவீதம் கூடுவதாகக் காட்டினார். தொகுப்பு முழுதாக ஒரேயடியாக ஏற்கப்படவில்லை. ஆனாலும் எந்தப் பிராசசர் தலைமுறையும் ஒரே தாவலில் அவ்வளவு தருவதில்லை.

என் தீர்ப்பு இது. தன் நிரலைத் திருத்தித் திருத்திக் கட்டும் பெரும்பாலானவர்களுக்கு, வேகமான 16 கோர் மேசைப் பிராசசர், இரண்டு குச்சியாக 96 ஜிபி, 2 டிபி என்விஎம்இ, நல்ல காற்றுக் குளிரூட்டி போதும். கெர்னல் மட்டும் கட்டுகிறவருக்கு 32 ஜிபியே தாராளம். ஆண்ட்ராய்டையோ குரோமியத்தையோ நாளுக்குப் பல முறை முழுசாகக் கட்டுகிறவர், டைம் கட்டளையின் விடை திரெட் எண்ணிக்கையை ஒட்டி வருகிறது என்று பார்த்துவிட்டு, 24 அல்லது 32 கோர் திரெட்ரிப்பருக்குப் போகலாம். 64 கோரும் அதற்கு மேலும் பலர் பகிர்ந்துகொள்ளும் பில்டு சர்வருக்கு உரியவை. தனி ஒருவரின் மேசைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதத்தில் இரண்டு மூன்று முறைதான் முழு பில்டு என்றால் பெரிய இயந்திரத்தை மணிக்கணக்கில் கிளவுடில் வாடகைக்கு எடுப்பதே மலிவு. ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். அதில் முதலில் ரேமுக்குப் பணத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு எந்தப் பிராசசர் வரும் என்று பாருங்கள்.